ஊசிக்கும் கண்ணுக்கும் பதினாறு இன்ச்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று தெரிந்ததும் தெருவில் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது, "வலிச்சுச்சாக்கா?" என்பதுதான். அடுத்தது, "எவ்வளவு ஆச்சு?" இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. கண்ணுக்குள் வைத்த லென்ஸ் எந்தத் தூரத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்தது? மற்றதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார். இதை மட்டும் நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருமங்கலத்தில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கிட்டப்பார்வை வந்து மைனஸ் கண்ணாடி போட்டாகிவிட்டது. கரும்பலகைக்கு, பஸ் போர்டுக்கு, சினிமாவுக்குக் கண்ணாடி வேண்டும். நாற்பது வயதுக்கு மேல், என்னோடு தைக்கிறவர்கள் எல்லாம் கிட்டத்தில் பார்க்கச் சாளேஸ்வரக் கண்ணாடி தேடியபோது, நான் கண்ணாடியைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் ஊசியில் நூல் கோப்பேன். ஹெம்மிங், ஊக்கு, காஜா எல்லாமே அப்படித்தான். அந்த வெறுங்கண் பார்வைதான் என் பிழைப்பு. அது பறிபோகக்கூடிய ஒன்று என்று ஆபரேஷன் பேச்சு வரும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

புரை என்றால் கண் மங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முதலில் பவர்தான் ஏறியது. புதுக்கண்ணாடி போட்டுச் சில மாதங்களிலேயே பஸ் போர்டு மறுபடி கலங்கும். கடைசியில் கண்ணாடிக் கடைக்காரரே, "இது கண்ணாடியில தீராதும்மா, டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவைத்தார். இதே விஷயம் எங்கள் பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு வேறு விதமாக வந்தது. எழுபது வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். வீடே கொண்டாடியது, கீரை சாப்பிட்டதன் பலன் என்றார்கள். அதுவும் புரைதான். லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது கண் கிட்டப்பார்வை பக்கம் சாயும். அதனால் படிக்கிற எழுத்து கொஞ்ச காலத்துக்குத் தெளிவாகத் தெரியும், தூரம் போய்விடும். வயதானவர் யாராவது திடீரென்று படிப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் சந்தோஷப்படுவதோடு நிறுத்தாமல் கண் டெஸ்டுக்கும் கூட்டிப் போங்கள்.

அப்புறம் நிறம். சாயங்காலமானால் நேவி ப்ளூ நூல்கண்டும் கறுப்பு நூல்கண்டும் எனக்கு ஒன்றாகிவிடும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பேன், இல்லாவிட்டால் உதவிக்கு வரும் பெண்ணைக் கூப்பிடுவேன். க்ரீம் லைனிங், வெள்ளை லைனிங் இரண்டையும் அவள்தான் பிரித்து வைப்பாள். இரவில் பஸ்ஸில் வரும்போது எதிரே வருகிற லாரியின் விளக்கு கண் முழுக்கச் சிதறும். இத்தனைக்கும் பகல் வெளிச்சத்தில் எழுத்தட்டையில் பாதிக்கு மேல் படித்துக் காட்டியிருக்கிறேன். அதனால் டாக்டரிடம் போகும்போது, எத்தனை வரி படித்தோம் என்பதோடு எந்த வேலை தடைபடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் நூல் கதையைச் சொன்ன பிறகுதான் டாக்டர் பேனாவை எடுத்து எழுதினார்.

நம் கண்ணின் பாப்பாவுக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் பிறக்கும்போது நல்ல தெளிவாக இருக்கும். வயதாக ஆக அதிலிருக்கிற புரதம் கெட்டுப்போய் லென்ஸ் மஞ்சளடித்து, கலங்கி, கெட்டியாகும். சர்க்கரை இருந்தால் சீக்கிரம் வரும். ஸ்டீராய்டு மருந்தை நாள்பட எடுத்துக்கொண்டாலும் வரும். எனக்குச் சர்க்கரை உண்டு. புரையைக் கரைக்கிற சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. கரைக்கும் என்று யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

"நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதற்கு ஒரு காலம் இருந்தது. என் அப்பத்தாவுக்கு எடுத்தபோது கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. புரையோடு லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு, பத்து பவருக்கு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அதில் பொருளெல்லாம் கால்வாசிக்கு மேல் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். அப்பத்தா டம்ளரை வாங்கக் கை நீட்டினால் விரல் டம்ளருக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். நிலைப்படி வளைந்து தெரிகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அப்படி ஒரு வாழ்க்கைக்குப் போவதற்கு, முற்றிலும் தெரியாமல் போகிறவரை காத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. இப்போது தலைகீழ். முற்றிய புரை கல் மாதிரி ஆகி ஆபரேஷனைக் கஷ்டமாக்கும். ரொம்ப முற்றினால் லென்ஸ் உப்பி, கண்ணுக்குள் பிரஷர் ஏறி, வலியும் சிவப்புமாக ராத்திரியில் ஓட வேண்டி வரும். அதற்காகச் சின்னதாகப் புரை தெரிந்ததுமே எடுத்துவிட வேண்டும் என்றும் இல்லை. நம் வேலைக்கு இடைஞ்சலாகும்போது எடுத்தால் போதும். கத்திரி வெயிலில் செய்யக் கூடாது என்பதும் பழைய பேச்சுதான். எனக்குச் செய்தது நல்ல கோடையில்.

செயற்கை லென்ஸ் வந்த கதையை ஒரு நர்ஸ் சொல்லித்தான் கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தெறித்து உள்ளேயே தங்கிவிட்டன. கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர், அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949-ல் லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். எங்கள் பக்கத்து ஏழைகள் வரை அது வந்து சேர்ந்ததற்கு மதுரையும் ஒரு காரணம். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களைப் பழக்கி ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தார் என்பதை, விரலை நம்பி வாழ்கிற நான் மறக்கவே மாட்டேன். 1992-ல் அங்கே ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கி லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்த பிறகு அதன் விலை பல மடங்கு இறங்கியது. இலவச முகாமில் பஸ் ஏறிப் போகிற பாட்டிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் போன இடத்தில் கண்ணைப் பரிசோதித்து முடித்ததும் கவுன்சலர் அறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் லேமினேட் செய்த ஓர் அட்டையை முன்னால் வைத்தார். மூன்று கட்டங்கள், மூன்று விலைகள். கடைசிக் கட்டத்தைக் காட்டி, "இது வச்சுக்கிட்டீங்கன்னா வாழ்நாளுக்கும் கண்ணாடியே வேண்டாம்மா" என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. என் மகனுக்கு அந்தக் கடைசிக் கட்டம் பிடித்துவிட்டது, அம்மாவுக்கு நல்லதைச் செய்ய வேண்டும் என்ற ஆசை. யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். இன்னொரு மருத்துவமனையில் காட்டியபோது அங்கிருந்த இளம் டாக்டர், என் மைனஸ் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர் விளக்கியது இதுதான். சாதாரண லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத் தெளிவாகக் காட்டும். நம் பழைய லென்ஸ் மாதிரி கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி வளையாது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமாகத் தூரத்துக்குத்தான் வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. தெரு தெரியும், டிவி தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். ஆனால் காலமெல்லாம் வெறுங்கண்ணால் கிட்டத்தில் வேலை செய்த கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரத்துக்கு வைத்தால், அந்தக் கிட்டத்துப் பார்வை ஆபரேஷனோடு போய்விடும். ஊசிமுனைக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. பல தூரங்களைக் காட்டுகிற விலை உயர்ந்த லென்ஸில் வெளிச்சம் பங்கு பிரிகிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கல் வெளிச்சத்தில் அடர்ந்த நிறமும் வெளிர் நிறமும் பிரிந்து தெரிவது கொஞ்சம் குறையலாம். விழித்திரையில் கோளாறு இருந்தால் அது ஏற்றதும் இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கிறவளுக்கும் சர்க்கரைக்காரிக்கும் அது வேண்டாம் என்பது அவர் கருத்து. அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் உண்டு, அதில் சந்தேகமில்லை. நல்ல விழித்திரை, இரவில் வண்டி ஓட்டாத வாழ்க்கை, கண்ணாடியே ஆகாது என்கிற மனசு, இதெல்லாம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கருவிழி கோணலாக இருக்கிறவர்களுக்கு, அதாவது சிலிண்டர் பவர் அதிகம் இருக்கிறவர்களுக்கு, டோரிக் என்று ஒரு வகை இருக்கிறது. அது தேவைப்பட்டால் அதற்குச் செலவு செய்வது வீண் இல்லை.

"வீட்டுக்குப் போய், தைக்கும்போது கண்ணுக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம்னு அளந்துட்டு வாங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே நான் மெஷினில் உட்கார்ந்து பழக்கப்படி குனிந்து ஒரு பைப்பிங் ஓட்டினேன். உதவிக்கு வரும் பெண் இன்ச் டேப்பை என் புருவத்தோரம் வைத்து ஊசி வரைக்கும் பிடித்தாள். "பதினாறுக்கா" என்றாள். அளவு தெரிந்த பிறகு உடம்பு தானாக நிமிர்ந்துகொள்ளும் என்பதால், பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறுபடி பிடிக்கச் சொன்னேன். அதேதான். அப்புறம் கட்டிங் டேபிளில் நின்று அளந்தால் இருபத்தாறு. பழைய பில்லின் பின்னால் இரண்டையும் எழுதி எடுத்துப் போனேன்.

பதினாறு இன்ச் என்றால் நாற்பது சென்டிமீட்டர். அந்தத் தூரம் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய, ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணில் மைனஸ் இரண்டரை பவர் மிச்சம் இருக்கும்படி லென்ஸ் வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார் டாக்டர். வலது கண்ணை ஊசித் தூரத்துக்கு வைத்துவிட்டு, இடது கண்ணைக் கட்டிங் டேபிளுக்கு மைனஸ் ஒன்றரையில் வைக்கலாம், ஒரு பவர் வித்தியாசத்தை மூளை சமாளித்துக்கொள்ளும் என்றார். பஸ்ஸுக்கும் கோவிலுக்கும் கண்ணாடி. நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். ஆபரேஷனுக்குப் பிறகும் மூக்கில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, சரியாகலையா?" என்று பாவப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் ஊசியில் நூல் கோத்துக் காட்டுகிறேன்.

உங்கள் தூரம் எது என்று நீங்களும் அளந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் உட்காருபவருக்கு ஒன்று, லாரி ஓட்டுகிறவருக்கு ஒன்று, படுத்துக்கொண்டே பாராயணப் புத்தகம் படிக்கிற பாட்டிக்கு ஒன்று. பில்லின் பின்னால் எழுதி எடுத்துப் போனால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லென்ஸ் பவரை முடிவு செய்ய கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளப்பார்கள். பெரியவர்கள் கண்ணின் நீளம் சுமாராக 23, 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டரைக்கு மேல் பவர் பிசகும். அதனால் அந்த மெஷின் முன்னால் தாடையை வைத்தால் அசையாமல் இருங்கள், மறுபடி அளக்க வேண்டும் என்றால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் எத்தனை நாள் முன்னால் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் வறட்சி இருந்தாலும் அளவு மாறும்.

அன்றைக்கே கண்ணின் ஓரத்தில் இருக்கிற கண்ணீர்ப் பாதையில் உப்புத் தண்ணீரைச் செலுத்தி, "தொண்டைக்கு வந்துச்சா?" என்று கேட்டார்கள். வந்தால் அடைப்பு இல்லை என்று அர்த்தம். அடைப்பில் சீழ் இருந்தால் அது புதுக்காயத்துக்குப் போய்விடும். சர்க்கரை, பிரஷர், விழித்திரை எல்லாம் பார்த்தார்கள். சர்க்கரைக்காரர்கள் விழித்திரையை முதலிலேயே நன்றாகப் பார்த்துவிட வேண்டும். புரையை எடுத்த பிறகும் பார்வை எவ்வளவு வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது, கேட்டுக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நர்ஸ், "அய்யா, ஒண்ணுக்குச் சரியா போறதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் வேகமாகத் தலையாட்டி இல்லை என்றார். நர்ஸ் புரிந்துகொண்டு மருமகளை ஏதோ சீட்டு வாங்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டதும், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாம்சுலோசின். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கிற அந்த மருந்து கண்ணின் பாப்பாவைச் சுற்றியிருக்கிற திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். ஆபரேஷனின்போது பாப்பா சுருங்கிக்கொண்டே வரும். முன்பு எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தகுந்த ஏற்பாட்டோடு வருவார். வீட்டில் அப்பாவுக்கோ மாமனாருக்கோ ஆபரேஷன் என்றால் இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், கூச்சத்தில் மறைக்கிற விஷயம் இது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் இன்ஷூரன்ஸில் புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்தது. பல பாலிசிகளில் முதல் இரண்டு வருஷம் புரைக்குப் பணமே கிடையாது. தேதி குறிப்பதற்கு முன் பாலிசியைப் படித்துவிடுங்கள். கையில் பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் செலவில்லாமல் செய்கிறார்கள். அங்கே புரையை மெஷினால் உடைக்காமல் சிறு கீறல் முறையில் கையால் எடுத்தாலும், லென்ஸ் வைத்து, பெரும்பாலும் தையல் இல்லாமலேயே முடிக்கிறார்கள். கெட்டியான புரைக்கு அது நல்ல முறை.

ஆபரேஷன் அன்றைக்கு அதிக நேரம் போனது காத்திருப்பதில்தான். கண்ணை விரிக்கிற சொட்டை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருந்தார்கள். நெற்றியில் வலது புருவத்துக்கு மேல் அடையாளம் ஒட்டினார்கள். போகிற வருகிற எல்லாரும் பெயரையும் எந்தக் கண் என்பதையும் கேட்டார்கள். நல்ல பழக்கம். நீங்களும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எனக்குச் சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிட்டது, சிலருக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போடுவார்கள். முகத்தில் துணி போர்த்தி, கண்ணை மட்டும் திறந்துவைத்தார்கள். மேலே மூன்று வெளிச்சம், அதையே பார்க்கச் சொன்னார் டாக்டர். தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கியது. மெஷின் சத்தம் ஏறி ஏறி இறங்கியது, அதுதான் புரையை உடைத்து உறிஞ்சுகிற சத்தம். வெளிச்சங்கள் கரைந்து நீலமும் சிவப்புமாக ஆடின. அழுத்துகிற உணர்வு இருந்தது, வலி இல்லை. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறல் வழியாக மடித்த லென்ஸை உள்ளே தள்ளினால் அது தானாக விரிந்துகொள்கிறது. ஒரு கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இருமல், தும்மல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தலையை அசைக்கக் கூடாது. முதுகுவலி இருக்கிறவர்கள் நேராகப் படுக்க வருமா என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட்டால் தலையணை வைத்துக் கொடுப்பார்கள்.

மறுநாள் கண்ணைத் திறந்துவிட்டபோது கொஞ்சம் மூட்டமாக இருந்தது, கண்ணில் முடி விழுந்த உறுத்தல் இருந்தது. சில நாளில் இரண்டும் போய்விட்டன. நிறம் மட்டும் அன்றைக்கே திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நூல்பெட்டியைத்தான் திறந்தேன். நேவி ப்ளூ கறுப்பிலிருந்து தள்ளி நின்றது. வெள்ளை லைனிங்கை எடுத்து இடது கண்ணால் மட்டும் பார்த்தால் டீத்தண்ணியில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. வலது கண்ணுக்கு மாற்றினால் லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நினைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சொட்டு மருந்தின் கையில். கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாமல் வாரா வாரம் குறைத்துக்கொண்டே வருவார்கள், ஒரு மாதத்துக்கு மேல் போகும். எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். வீட்டுக்காரர் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, விட விட டிக் அடித்தார். பால் மாதிரி இருக்கிற மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலிருக்கிற தண்ணீர்தான் கண்ணுக்குள் விழும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு. குப்பியின் மூக்கு இமையில் படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தைச் சுத்தமான விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. முடிந்த பிறகு மிச்ச ஸ்டீராய்டை அலமாரியில் வைத்துக்கொண்டு, கண் சிவந்தால் யாருக்காவது விடுவது ரொம்ப ஆபத்து. அதுவே கண் பிரஷரை ஏற்றும், நாள்பட விட்டால் புரையையும் கொண்டுவரும்.

பார்க்க வருகிறவர்களிடம்தான் நான் அதிகம் போராட வேண்டியிருந்தது. ஒருவர் கோவிலிலிருந்து நேரே வந்து அன்பாக நெற்றியில் திருநீறு இட்டு ஊத வாயைக் கொண்டுவந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். அந்தத் தூள் ஒரு துளி கண்ணில் விழுந்தால் போதும். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் பாசத்தில் சொல்வதுதான், ஆனால் திறந்த காயம் உள்ள கண்ணில் இவை கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அபூர்வம்தான், பிடித்தால் கண்ணே போகும். வந்தவர்களிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எனக்குப் பதிலாக என் மகன் அவர்களிடம் சொன்னான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவரை இந்த வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. பத்தியமும் தேவையில்லை. மீன், முட்டை எல்லாம் சாப்பிட்டேன், சர்க்கரை அளவை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சில வாரம் தள்ளிப்போட்டேன். ரொம்பத் தாங்க முடியாதபோது நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து மகள் அலசிவிட்டாள். ராத்திரி பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு தூங்கினேன், தூக்கத்தில் கை கண்ணைத் தேய்த்துவிடும். குடம் தூக்கவில்லை, குனிந்து பெருக்கவில்லை, கடுகு தாளிக்கும்போது அடுப்பருகே நிற்கவில்லை. வெளியே கறுப்புக் கண்ணாடி, எங்கள் ரோட்டுத் தூசிக்கு அது இல்லாமல் முடியாது. வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெரிந்துகொண்டிருந்த பார்வை மங்கினாலோ, மின்னல் மின்னுவதுபோல் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் திடீரென்று பெருகினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்கக் கூடாது.

ஒரு கண் முடிந்து இன்னொரு கண் முடியாத இடைக்காலத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம். பழைய கண்ணாடி ஒரு கண்ணுக்குத்தான் பொருந்தியது. படி எங்கே முடிகிறது என்று தெரியாது, தலை வலிக்கும். கத்தரிக்கோலைத் தொடவில்லை, கட்டிங்கை எல்லாம் உதவிக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டேன். கல்யாண சீசனுக்கு நடுவில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பவரையும் காயம் ஆறி நிலைத்த பிறகுதான் பார்ப்பார்கள், அதற்குள் அவசரப்பட்டு வாங்கினால் பணம் போகும். சர்க்கரைக்காரர்களுக்கு நாலைந்து வாரத்தில் விழித்திரை நடுவில் நீர் கோத்து பார்வை திரும்ப மங்குவது உண்டு. நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

இடது கண் முடிந்து, புதுக்கண்ணாடியும் வாங்கி, இப்போது முழு வேலை செய்கிறேன். கணக்குப் போட்டது சரியாகவே வந்திருக்கிறது. ஊசி வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது, சாக்பீஸ் கோடு தெரிகிறது, எதிர்வீட்டுக்காரர் முகத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும்.

பக்கத்து வீட்டு வாத்தியார் எனக்கு முன்பே செய்துகொண்டவர். சில வருஷம் கழித்து மறுபடி மங்கியதும், "புரை திரும்ப வந்துடுச்சு" என்று ஆபரேஷன் செய்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். எடுத்த புரை திரும்ப வராது. நம் பழைய லென்ஸை மூடியிருந்த மெல்லிய பையில்தான் புது லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பையின் பின்சுவர் சிலருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்து மூட்டம் போடும். யாக் என்கிற லேசர் ஒளியால் அதன் நடுவில் ஒரு சின்னத் திறப்பு போட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும், கத்தி இல்லை, படுக்கை இல்லை. வாத்தியார் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே அவரிடம் கேட்டார்கள், என்ன லென்ஸ் வைத்தது என்று. அவருக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் பெயர், பவர், எண் எல்லாம் ஒட்டிய ஓர் அட்டை கொடுப்பார்கள். பில்லோடு கசக்கிப் போட்டுவிடாமல் ஆதார், ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் அதையும் வையுங்கள், ஒரு போட்டோ எடுத்துப் பிள்ளைகள் போனிலும் போட்டு வையுங்கள்.